கண்ணாயி வீட்டு வேப்பிலை

நான் செய்த காரியங்களில் எதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருமோ, அது 1999 மாசி மாதம் கண்ணாயி அக்கா வீட்டு வாசலில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகியது. செருகும்போது எனக்கு அப்படி ஒரு பெருமை. பெரிய மூளைக்காரி என்று நினைப்பு.

என் பெயர் தாமரைச்செல்வி. ஊர் சேந்தமங்கலம். அப்போது கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். தடுப்பூசி, பிரசவம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். வாய் கொஞ்சம் நீளம். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை, மலையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

கண்ணாயி அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் செல்லமுத்து. பள்ளத்தில் கொஞ்சம் நெல் வயல், மேட்டில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, வீட்டைச் சுற்றி மிளகுக் கொடி. ஒரே மகளை மலைக்குக் கீழே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்குக் கைக்குழந்தை. அக்கா நிறையப் பேசமாட்டார், ஆனால் பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது. இன்னொன்று, அந்த ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். ஆடு மேய்ந்த தகராறில் நான்கு வருடம் முகம் பார்க்காத வீட்டுக்குக்கூட, அந்த வீட்டுக் கிழவர் பலாமரத்திலிருந்து விழுந்தார் என்றதும் போய் மூன்று நாள் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, நாலாம் நாளிலிருந்து பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

போலியோ சொட்டு மருந்து போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமெல்லாம் போன பிறகு, என் பெட்டியைத் தூக்கித் தருகிற சாக்கில் கிட்டே வந்தார்.

"நர்சம்மா, மாருல பலாக்கொட்ட மாதிரி ஒண்ணு இருக்குதுங்க. வலிக்கல. வலிச்சா வந்து சொல்லலாமுன்னு எட்டு மாசமா பாத்துக்கிட்டு இருக்கேன், வலிக்கவே மாட்டீங்குது."

நான் தொட்டுப் பார்த்தேன். மறு வாரமே சேலத்துக்கு அழைத்துப் போனேன். தை மாதம் ஆபரேஷன். இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சர்ஜன் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார். இப்படி ஒரு ஆபரேஷன் ஆனால் சில வாரத்துக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் இறங்கிப் போகும், மற்ற நேரத்தில் வந்த வழியே போகிற காய்ச்சல் சளிகூட இப்போது உட்கார்ந்துகொள்ளும் என்றார். அது போகப் போகச் சரியாகிவிடும். ஆனால் இடது கை கதை வேறு. அதில் இனி எப்போதுமே ஒரு கீறல்கூடப் படக்கூடாது, ஊசி போடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. பட்டுக் கை சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஓடி வரவேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது.

அக்காவுக்குப் புரியவில்லை. பஸ்ஸில் வரும்போது நான் என் பாஷையில் சொன்னேன். "அக்கா, கால்ல முள்ளு குத்துனா தொடை இடுக்குல நெறி கட்டுமில்ல? அந்த நெறி என்ன பண்ணுது? முள்ளு வழியா வந்த கிருமிய மேல ஏற விடாம அங்கயே மறிச்சு வெச்சுச் சண்டை போடுது. கைக்கு அந்த வேலைய அக்குள் நெறி பாக்கும். கட்டி அங்கயும் பரவியிருந்ததால அதையும் எடுத்தாச்சு. இனி அந்தக் கையில கிருமி பூந்தா மறிக்க ஆள் கம்மி."

"அப்பத் தோட்டம் இருக்குது, காவக்காரனத்தான் வேலைய உட்டு அனுப்பிட்டாங்க" என்றார் அக்கா. பத்து வருடம் படித்து வந்தவர்கள் சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஊருக்கு என்ன சொல்வது என்பதையும் அந்த பஸ்ஸிலேயே முடிவு செய்தார். வயிற்றில் கட்டி, எடுத்தாச்சு. அவ்வளவுதான். மாரு என்ற வார்த்தை வெளியே போகக்கூடாது என்று என்னிடமும் செல்லமுத்து அண்ணனிடமும் சத்தியம் வாங்கினார். "ஆம்பளைங்க சோளக்காட்டுச் சந்தையில நின்னு என்ற மாரப் பத்திப் பேச வேண்டாம் சாமி" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த ஊரில் மொத்தம் நாற்பத்து மூன்று வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் திரும்பினால் நாற்பத்து மூன்று வீடும் வந்து பார்த்தாக வேண்டும். வராத வீட்டோடு பேச்சுவார்த்தை அறுந்துபோகும். வந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போகிற வழக்கமும் கிடையாது. ஒருத்தி வாசல் கூட்டுவாள், ஒருத்தி தண்ணீர் எடுப்பாள், ஒருத்தி கிழங்கை உரித்து அடுப்பில் வைப்பாள், மீதிப் பேர் நோயாளியைச் சுற்றி உட்கார்ந்து பொழுது சாயும்வரை பேசுவார்கள். அக்கா ஊருக்கெல்லாம் செய்தவர் ஆயிற்றே, விடுவார்களா?

முதல் இரண்டு நாளில் அறுபது பேர் வந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஒரு கிழவர் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து இருமுகிறார். மூக்கு ஒழுகுகிற பிள்ளை ஒன்று அக்கா மடியில் கிடக்கிறது. விரலெல்லாம் சிரங்கு வைத்த ஒருத்தி, பாசத்தில், அவருடைய இடது கையைப் பிடித்து நீவிவிட்டுக்கொண்டிருக்கிறாள். இதெல்லாம் போதாதென்று பெண்கள் வயிற்றுத் தையலைக் காட்டச் சொல்லி நச்சரித்தார்கள். மலையில் இதற்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லோரும் காட்டியிருக்கிறார்களாம். அக்கா சேலையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் எல்லோரையும் சத்தம் போட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கேட்டார்கள், மறுநாளும் வந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மை போட்ட வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள். வாசலில் வேப்பிலையைக் கண்டால் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போவார்கள். யாரும் மனத்தாங்கல் படமாட்டார்கள். இதைவிட நல்ல பூட்டு எங்கே கிடைக்கும்? எங்கள் சென்டர் பக்கம் வேப்பமரம் கிடையாது. சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மரத்தில் ஒடித்து, துணிப்பையில் போட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். செல்லமுத்து அண்ணன் தயங்கினார்.

"பொய்யா வெக்கறது தப்புங்களே நர்சம்மா. ஆத்தா சும்மா இருப்பாளா?"

"ஆத்தாளுக்கு இதெல்லாம் தெரியாதா? புள்ளையக் காப்பாத்தத்தான வெக்கறோம்" என்று வாயடைத்துவிட்டு, நானே செருகினேன்.

அன்று மதியத்திலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நான் மூன்று நாளைக்கு ஒருமுறை போய்க் காயத்தைப் பார்த்தேன். நன்றாக ஆறிக்கொண்டு வந்தது. "ஊரே செத்துப்போன மாதிரி இருக்குது கண்ணு" என்று அக்கா ஒருநாள் சொன்னார். "கிருமியும் செத்துப்போச்சு, சும்மா இருங்க" என்றேன் நான்.

பதினோராம் நாள் காலை செல்லமுத்து அண்ணன் சென்டருக்கு வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. "ஆத்தா எறங்கிட்டாங்க" என்றார்.

ஓடினேன். கண்ணாயி அக்கா பாயில் கிடந்தார். காய்ச்சல் நூற்றி மூன்று. இடது கை முழங்கைக்கு மேல்வரை ரத்தச் சிவப்பு. தொட்டால் அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. நடுங்கிக்கொண்டே இருந்தார். இடது கைப் பெருவிரலில் ஒரு சின்ன வெட்டு. ஒரு அங்குலம்கூட இருக்காது.

"எப்படிக்கா பட்டுச்சு?"

"கெழங்கு உரிச்சேன்."

"நீங்க எதுக்கு உரிச்சீங்க?"

கேட்ட வாயோடு எனக்கே விளங்கிவிட்டது. அண்ணன் விடியும் முன்பே வயலுக்குப் போகிறவர். அந்த வீட்டில் கிழங்கு உரிக்கவும் தண்ணீர் எடுக்கவும் வந்திருக்க வேண்டிய அத்தனை பெண்களையும் வேப்பிலை கட்டி விரட்டியது யார்? அவர்கள் கொண்டுவரும் சளியையும் சிரங்கையும் எண்ணிப் பார்த்த நான், அவர்கள் தூக்கி வரும் குடத்தை எண்ணிப் பார்க்கவில்லை. பத்து நாளாய் அக்கா ஒற்றை ஆளாக எல்லா வேலையும் செய்திருக்கிறார். என்னிடம் சொன்னால் திட்டுவேன் என்று சொல்லவில்லை. நான் திட்டியிருப்பேன்தான்.

பதினொன்றரைக்கு ஒரு பஸ். அதை விட்டால் நாலு மணிக்கு. சுகாதார நிலையத்து ஜீப் கீழே போயிருந்தது. துணிமணியை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தால், வாசலுக்கு எதிரே பத்தடி தள்ளி ஊர் நிற்கிறது. முன்னால் அத்தாயி அம்மா நிற்கிறார்.

அத்தாயி அம்மா செல்லமுத்து அண்ணனுக்கு அக்கா. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கணவர் இறந்த பிறகு பக்கத்து வீட்டிலேயே இருந்தார். அந்த ஊரில் யாருக்கு அம்மை போட்டாலும், எந்த நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று சொல்வது அவர்தான். மூன்று தண்ணீர் ஊற்றி முடியாமல் அம்மை கண்டவர் வாசற்படி தாண்டக்கூடாது. இந்த முறை நாள் பார்க்க அவரையும் உள்ளே விடவேண்டாம் என்று அண்ணனிடம் நான் சொல்லிவைத்திருந்தேன்.

"எங்கீங்க கூட்டிக்கிட்டுப் போறீங்க?" என்றார்.

"நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு."

"மூணு தண்ணி ஊத்தல. மலைய உட்டு எறக்கக் கூடாது. ஊசியே ஆவாது. ஊசி போட்டா ஆத்தா உள்ளுக்குள்ள போயிருவா, அப்பறம் ஆளு தங்காது."

"இது அம்மை இல்லீங்கம்மா. அந்த வேப்பிலைய வெச்சது நான்தான். யாரும் வரக்கூடாதுன்னு பொய்யா வெச்சேன்."

அத்தாயி அம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை. எனக்காகப் பரிதாபப்பட்ட மாதிரி சொன்னார்:

"பொய்யாக் கூப்புட்டீங்க, நெசமாவே வந்துட்டா. இப்பத்தான் மரியாத பண்ணி அனுப்போணும்."

காய்ச்சல், சிவப்பு, வாசலில் வேப்பிலை, எல்லாம் அவர் பக்கம்தான் சாட்சி சொல்கின்றன. நான் படித்தது, சர்ஜன் சொன்னது, கிருமி, ரத்தம் என்று என்னென்னவோ கத்தினேன். செல்லமுத்து அண்ணனைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமில்ல, சொல்லுங்க!" என்றேன். அவர் வாசற்படியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். "நாந்தான் அன்னிக்கே சொன்னனுங்களே" என்றார் தரையைப் பார்த்து. மாரைப் பற்றிச் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும். ஆனால் நான் சத்தியம் செய்திருந்தேன். நேரம் பதினொன்றைத் தாண்டிவிட்டது. அந்தக் கையின் சிவப்பு ரத்தத்தில் கலந்தால் நாலு மணி பஸ் எதற்கும் உதவாது என்பது அங்கே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அழுகை வந்துவிட்டது எனக்கு. ஆத்திரத்தில் வந்த அழுகை.

அப்போது உள்ளேயிருந்து கண்ணாயி அக்கா எழுந்து வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கணவருடைய சட்டையைப் போட்டு, அதன்மேல் சேலையைச் சுற்றியிருந்தார். வாசலுக்கு வந்து, நல்ல கையால் வேப்பிலையை உருவிக் கீழே வைத்தார். வீசவில்லை, மெதுவாக வைத்தார்.

"நங்கையா" என்று நாத்தனாரைக் கூப்பிட்டார். "எனக்கு வயித்துல ஆபரேசன் இல்லீங்க. மாருல. கட்டி வந்து எடது மார அறுத்து எடுத்துட்டாங்க."

ஆண்களில் இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள்.

"கக்கத்து நெறியையும் எடுத்துட்டாங்க. அது இல்லாத கையில ஒரு கீறல் பட்டாலும் இப்படிச் செவக்குமுன்னு அன்னிக்கே டாக்டரு சொன்னாரு. நான் கெழங்கு உரிச்சு வெட்டிக்கிட்டேன். ஆத்தா வரல. ஊர்ல ஆருக்கு அம்ம போட்டாலும் நீங்க கண்ணுல பாத்தே சொல்லுவீங்க. கிட்ட வந்து பாருங்க. ஒரு முத்து இருக்குதான்னு பாருங்க."

சட்டைக் கையைச் சுருட்டி, நீட்டிக்கொண்டு நின்றார். அத்தாயி அம்மா கிட்டே வந்தார். கையைத் தொடாமல் குனிந்து, மேலும் கீழுமாய்ப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். முத்து ஒன்றுகூட இல்லை. பிறகு அவர் பார்வை அக்காவின் சட்டைக்கு, இடது பக்கம் ஒட்டிக்கிடந்த இடத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"டேய், எந்திரிடா" என்றார் தம்பியிடம். "பஸ்ஸு போயிரும்."

ஒரு கட்டிலைத் தூக்கி வந்து நான்கு பேர் சுமந்தார்கள். சற்று முன்பு நகர்ந்துபோன அந்த இரண்டு ஆண்களும் அதில் உண்டு. நான் பையோடு பஸ்ஸில் ஏறும்போது பார்த்தால், அத்தாயி அம்மா மாற்றுச் சேலையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். "நானும் வாரேன்" என்றார். தம்பி பொண்டாட்டிக்குத் துணையாக வருகிறார் என்று நினைத்தேன். தடுத்ததற்கு மனம் உறுத்துகிறது போலிருக்கிறது, உறுத்தட்டும் என்றும் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

நாமக்கல்லில் வலது கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். முதல் நாள் பயமாகத்தான் இருந்தது. அக்கா யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்றினார். இரண்டாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் காலையில் சிவப்பு மணிக்கட்டுவரை இறங்கிவிட்டது. டாக்டர் பேனாவால் ஓரத்தில் கோடு போட்டுக் காட்டி, இனிப் பயமில்லை, ஆனால் இன்னும் அரை நாள் தாமதித்து வந்திருந்தால் கதையே வேறு என்றார்.

அக்கா கண்ணைத் திறந்து முதலில் என்னைத்தான் தேடினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "எட்டுக்கை அம்மன் கோயிலுக்கு ஒருக்காப் போவோணும் நர்சம்மா" என்றார். "அவளுக்கு எட்டு இருக்குது. எனக்கு ஒண்ணுதான் இப்ப வேலைக்கு ஆவுது. மிச்சத்த எரவல் கேக்கலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "அழுவாத கண்ணு. சொல்லிட்டேன், இப்ப எனக்குப் பாரமில்ல" என்றார். நான் அழுதேன். அப்புறம் டீ வாங்கப் போவதாகச் சொல்லி வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

அத்தாயி அம்மா அங்கே சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாய் அந்த அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அக்காவின் துணிகளைத் துவைத்து, கஞ்சி வாங்கி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இனிப் பயமில்லீங்கம்மா, டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன்.

தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"நர்சம்மா, அந்தக் கட்டி இருந்தப்ப அவளுக்கு வலிச்சுதுங்களா?"

"இல்லீங்கம்மா. வலிக்காது. அதனாலதான் எட்டு மாசம் சும்மா இருந்துட்டாங்க. வலிச்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பாங்க."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்ட்ரெச்சர் எங்களைத் தாண்டிப் போனது. அது போய் முடியும்வரை பொறுத்திருந்து, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எனக்கும் வலிக்கிறதில்ல கண்ணு."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "எவ்வளவு நாளா?" என்றேன்.

"ரெண்டு வருசமா."

புறநோயாளி சீட்டு கொடுக்கிற ஜன்னலைப் பன்னிரண்டு மணிக்குச் சாத்துவார்கள். அப்போது மணி பதினொன்றே முக்கால். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பினேன்.